இறைச்சி உண்ணாத வளரிளம் பிள்ளைக்கு இரும்புச்சத்து: ஆய்வுகள் சொல்வதும் பெற்றோர் செய்ய வேண்டியதும்

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஆட்டிறைச்சியைத் தொடுவதில்லை. சுவரொட்டி வறுத்துக் கொடுத்தாலும் ஒதுக்கிவிடுகிறாள். பள்ளி முகாமில் ஹீமோகுளோபின் குறைவு என்று எழுதித் தந்துள்ளனர். உங்கள் வீட்டில் இந்நிலை இருந்தால், இறைச்சியை விட்டதே காரணம் என்று முடிவு செய்து பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதற்கு முன் சிலவற்றை அறிந்துகொள்வது நன்று.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முந்தைய ஆய்வில் இது 54.1 விழுக்காடு. அதே வயது ஆண்களிலும் 31.1 விழுக்காட்டினருக்கு உள்ளது. இறைச்சி உண்ணும் குடும்பங்களும் இக்கணக்கில் அடக்கம்.

ஆனால் 2016–18இல் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கே இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. வயது வரம்பு வேறு என்பது ஒருபுறம். முதல் ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தையும், இரண்டாவது கையின் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தையும் பயன்படுத்தின. விரல் நுனி இரத்தத்தில் அளவு பிசகக்கூடும். மேலும், இரண்டாவது ஆய்வில் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்த வளரிளம் பெண்கள் 31 விழுக்காட்டினர். வைட்டமின் பி12 குறைபாடோ வளரிளம் பருவத்தினர் அனைவரிலும் 31 விழுக்காட்டினருக்கு இருந்தது. எல்லா இரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதன்று.

ஆகவே முகாமில் குறைவு என்று தெரிந்தால், சிரை இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தை ஃபெரிட்டின் காட்டும். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே சேமிப்பு தீர்ந்திருக்கலாம். முட்டை, மீன் இரண்டையும் விலக்கி, பாலும் தயிரும் குறைவாக உண்ணும் பிள்ளைக்கு பி12 பரிசோதனையும் தேவைப்படலாம். மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகிறதா என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். பல வீடுகளில் சொல்லாமல் விடப்படுவது இதுவே.

இனி உணவு. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 16 முதல் 18 வயதில் 32. இறைச்சியின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும் என்பது உண்மை. எனினும் வாரம் ஒருநாள் உண்ணும் சில துண்டுகள் இத்தேவையில் சிறு பங்கையே தரும். கோழியும் மீனும் உண்பவராயின் அவையும் உதவும். நூறு கிராம் கொள்ளில் சுமார் 8.8, கம்பில் 6.4, கேழ்வரகில் 4.6 மில்லிகிராம் உள்ளது. முருங்கைக்கீரையும் எள்ளும் நல்லவை. பீட்ரூட்டும் மாதுளையும் இரத்தத்தைப் பெருக்கும் என்ற நம்பிக்கை அவற்றின் நிறத்தால் வந்தது. இரண்டிலும் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

தாவர உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது, அதனோடு எதை உண்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றின் வைட்டமின் சி அதனைக் கூட்டும். தேநீரும் காபியும் குறைக்கும். கம்பங்கூழ் குடித்த கையோடு காபி தருவதை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பயறுகளை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பயன் தரும்.

செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்புச்சத்து சேர்க்கப்படுகிறது. நிறம் மாறித் தெரியும் மணிகளை பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிபவர்கள் எறிவது அந்தச் சத்தையே. அவை அரிசி மாவில் சத்துகளைக் கலந்து வார்க்கப்பட்டவை.

குறைபாடு ஏற்பட்டபின் உணவு மட்டும் போதாது. வாரம் ஒருமுறை பள்ளியில் தரப்படும் நீல நிற மாத்திரை (60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) தடுப்புக்கானது. இரத்தசோகை உறுதியானால் மருத்துவர் நாள்தோறும் மாத்திரை தருவார். மலம் கருமையாவது இயல்பு. குமட்டல் வந்தால் உணவுக்குப்பின் தரலாம். இதனாலேயே பல பிள்ளைகள் மாத்திரையைப் பையில் ஒளித்துவைக்கின்றனர். கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

தலசீமியா உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் இரும்புச்சத்து மாத்திரை தரக்கூடாது. ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ, படியேறும்போதே மூச்சு வாங்கினாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின் மாத்திரைகளை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.