தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் பிரிக்கும் ரயில் விதிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் ரயில் டிக்கெட் எடுப்பது தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்ற நான்கு பெயருக்குத்தான். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளுக்கு ஒன்றரை மாதம் லீவு என்றால் அவர்களுக்கு ஒரு வாரம் கிடைப்பதே பெரிய பாடு. ஆகவே ஊரிலிருந்து தாத்தாவும் ஆச்சியும் சென்னைக்கோ கோவைக்கோ போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். குற்றாலம், திருச்செந்தூர், ராமேசுவரம் என்று சுற்றிக் காட்டிவிட்டு, பள்ளி திறக்கும் முன் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்த நால்வருக்கும் இந்திய ரயில்வேயின் விதிகள் இழைக்கும் அநியாயத்தைப் பற்றியே இந்தக் கடிதம்.

60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா பரவத் தொடங்கியதும், முதியவர்கள் அவசியமில்லாமல் பயணம் செய்ய வேண்டாம் என்ற காரணத்தால் 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. அன்றைக்கு அது நியாயம்தான். யாரும் மறுக்கவில்லை. பிறகு ரயில்கள் முழு அளவில் ஓடத் தொடங்கின. பிளாட்பாரக் கடைகள் திறந்தன, ஏ.சி. பெட்டிகளில் கம்பளியும் தலையணையும்கூடத் திரும்பி வந்தன. முதியோர் சலுகை மட்டும் வரவில்லை. நோய்க்கு எடுத்த நடவடிக்கை நோய் போன பிறகும் நீடிக்கிறது.

பிள்ளைகள் விஷயம் அதற்கும் முந்தியது. 5 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முன்பெல்லாம் அரை டிக்கெட். அதற்கு முழுப் படுக்கையும் உண்டு. 2016 ஏப்ரல் 21 முதல், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்று மாற்றினார்கள். அரைக் கட்டணம் கொடுத்தால் பிள்ளைக்குத் தனி இடம் கிடையாது. பெரியவர்களின் படுக்கையிலேயே ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் ஓர் ஊருக்கு அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2016 ஏப்ரலுக்கு முன்பு தாத்தாவுக்கு 240, பாட்டிக்கு 200, பிள்ளைகள் இருவருக்கும் தலா 200. முன்பதிவுக் கட்டணம் நீங்கலாக மொத்தம் 840 ரூபாய். நான்கு பேருக்கும் நான்கு படுக்கை. இன்று அதே நான்கு படுக்கைக்கு 1,600 ரூபாய். கட்டணம் ஒரு பைசாகூட உயரவில்லை என்று வைத்தாலே இந்த நிலை. பிள்ளைகளுக்குப் படுக்கை வேண்டாம் என்று விட்டாலும் 1,200 ரூபாய் ஆகிறது. கிடைப்பது இரண்டே படுக்கை. எட்டு வயதுப் பேரனை அணைத்தபடி இரவு முழுக்க ஒரு பக்கமாகவே படுத்து வரும் பாட்டிக்கு இடுப்பு என்ன ஆகும் என்று ரயில் பவனில் யாராவது யோசித்தார்களா?

உட்கார்ந்து போகும் ரயில்களில் அந்தத் தெரிவும் இல்லை. சேர் கார் வகுப்பில் ‘இருக்கை வேண்டாம்’ என்று குறிப்பிடவே இடமில்லாததால் 5 வயதுப் பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான். 2023 செப்டம்பரில் வந்த சென்னை – நெல்லை வந்தே பாரத் ரயிலில் பேரனைப் பகல் நேரத்தில் அழைத்துப் போக வேண்டுமென்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எத்தனையோ பேருக்கு ஆசை. ஓய்வூதியமோ சேமிப்பு வட்டியோ மட்டுமே வருமானமாக உள்ளவர்கள் நான்கு முழு டிக்கெட்டுக்கு எங்கே போவார்கள்?

அரசு சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஒரு பயணிக்கு 100 ரூபாய் செலவானால் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், எல்லாப் பயணிகளுக்குமே 46 சதவீதம் மானியம் கிடைக்கிறது என்று நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அந்த மானியம் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் எழுபது வயதுக் கிழவிக்கும் ஒன்றுதானே? அதை முதியோர் சலுகைக்கு மாற்று என்று எப்படிச் சொல்வது? 2019-20இல் பயணிகளுக்கு அளித்த மொத்த மானியம் 59,837 கோடி ரூபாய் என்று சொன்னதும் இதே அரசுதான். அதே ஆண்டில் முதியோர் சலுகையால் குறைந்த வருவாய் 1,667 கோடி. அந்த மானியத்தோடு ஒப்பிட்டால் மூன்று சதவீதம்கூட இல்லை.

சலுகையை நிறுத்தியதால் வந்த வரவோ பெரியது. 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி முடிய முதியோரிடமிருந்து கூடுதலாகக் கிடைத்தது 8,913 கோடி ரூபாய் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெற்ற விவரம் சொல்கிறது. பிள்ளைகளின் டிக்கெட் விதி மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் 2,800 கோடிக்கும் மேல். வீட்டில் சம்பாதிக்காத இரண்டு தரப்பிடமிருந்து வாங்கிய பணம் இது.

வசதியுள்ளவர்களுக்குச் சலுகை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டாம் என்பவர்கள் சலுகையில் பாதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்கும் வசதி டிக்கெட் படிவத்திலேயே முன்பு இருந்தது. அதை மறுபடி வைக்கட்டும். ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏ.சி. ஆகிய இரண்டில் மட்டுமாவது சலுகையைத் திரும்பக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் வேதனை.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைப்பது லோயர் பெர்த் விதி. 60 வயது ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் என்று ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறேழு கீழ்ப் படுக்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒதுக்கீடு, தகுதியுள்ள ஒருவர் தனியாகப் போனாலோ, அப்படிப்பட்ட இருவர் மட்டும் ஒரே டிக்கெட்டில் போனாலோதான் செல்லும். டிக்கெட்டில் வயது குறைந்த ஒரு பெயர் சேர்ந்துவிட்டால் போயிற்று. அந்தப் பெயர் ஏழு வயதுப் பேத்தியுடையதாக இருந்தாலும் அதே கதைதான். பாட்டி தனியாகப் போனால் கீழ்ப் படுக்கை உண்டு. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனால் ஒதுக்கீட்டில் இடமில்லை. எந்த ஊர் நியாயம் இது?

காலியிருந்தால் கணினியே கீழ்ப் படுக்கை கொடுக்கும், ரயிலில் ஏறிய பிறகு டி.டி.ஆரிடமும் கேட்கலாம் என்பார்கள். விடுமுறைக் காலத்தில் காலி எங்கே இருக்கிறது? 2024 நவம்பர் முதல் முன்பதிவே 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலை கண் மூடித் திறப்பதற்குள் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடுகிறது. கீழ்ப் படுக்கைக்காகப் பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுத்தால் அவர் ஒரு பெட்டியில், தாத்தாவும் பிள்ளைகளும் இன்னொரு பெட்டியில். ஒன்றாகப் போக வேண்டும் என்பதற்காகத்தானே பயணமே!

இரவு ரயிலில் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மூட்டுவலிக்கார அம்மா ஒருவர் மிடில் பெர்த், சைடு அப்பர் எண்களை வைத்துக்கொண்டு, “தம்பி, கொஞ்சம் கீழ கொடுக்கியளா? பிள்ளையும் கூட இருக்கா” என்று ஒவ்வோர் இருக்கையாகக் கேட்டுப் போவார். பெரும்பாலும் யாராவது ஓர் இளைஞர் எழுந்து கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட இளைஞர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டி டிக்கெட் எடுத்த ஒருவர் இப்படிக் கெஞ்ச வேண்டிய நிலையை விதியே உண்டாக்கலாமா?

ஊர் சுற்றுவது ஆடம்பரம், வயதான காலத்தில் வீட்டில் இருந்தால் என்ன என்று நினைப்பவர்களும் உண்டு. முப்பது வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேரப்பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் பகல் பயணத்துக்கு ஈடான வகுப்பறை கிடையாது. கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறும்போது என் பேத்தி பேச்சை நிறுத்திவிடுவாள். ஸ்ரீரங்கம் தாண்டிக் காவிரிப் பாலம் வந்ததும் மலைக்கோட்டையை முதலில் பார்ப்பது யார் என்று அவளுக்கும் தாத்தாவுக்கும் போட்டி. “இப்பதான ஒரு ஆறு வந்துச்சு, இன்னொண்ணு எங்கேருந்து ஆச்சி வந்துச்சு?” என்று கேட்டாள். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிவதையும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாக நிற்பதையும் விரலால் இருக்கையில் கோடு போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு வரைபடத்தில் அந்த இடத்தை அவள் தேடியதே இல்லை, நேரே கை வைக்கிறாள்.

கோவில்பட்டி வந்தால் கடலைமிட்டாய். கரிசல் காடு எங்கே தொடங்குகிறது என்று மண்ணின் நிறம் பார்த்துச் சொல்லத் தாத்தா பழக்கியிருக்கிறார். எண்கள் மங்கித் தெரியும் அவருக்குப் பெட்டி எண்ணை வாசித்துச் சொல்வது அவள் வேலை. கைப்பிடித்து இறக்கிவிடுவது அவர் வேலை. பெற்றோர் கூட வந்தால் இப்படி நடப்பதில்லை, அவர்களுக்கு ஆயிரம் போன் வரும். அவசரமில்லாத மனிதரோடு போகும்போதுதான் பிள்ளை கேள்வி கேட்கிறது. வயதானவர்களுக்கும் அந்த நாட்களில் மாத்திரை நேரம் தவிர மற்ற நோவெல்லாம் மறந்துபோகிறது. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வருடத்தில் மிச்ச மாதங்களை இந்தப் பேச்சை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 2022இல் கட்டணமில்லாப் பயண வயதை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் கொடுக்கிறார்கள். மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் நட்டத்திலும் இதைச் செய்ய முடிகிறது என்றால் நாட்டின் ரயில்வேக்கு என்ன தடை?

ரயில்வே அமைச்சகம் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மூத்த குடிமக்களோடு 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒரே டிக்கெட்டில் சென்றாலும் லோயர் பெர்த் ஒதுக்கீடு செல்லும் என்று விதியைத் திருத்துவது. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு சுற்றறிக்கையும் கணினியில் ஒரு மாற்றமும் போதும். அடுத்து, ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் முதியோர் சலுகையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தாத்தா பாட்டியோடு செல்லும் பிள்ளைகளுக்காவது அரை டிக்கெட்டுக்குப் படுக்கையோ இருக்கையோ தர வேண்டும்.

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்கள் 39 பேரும் கட்சி பார்க்காமல் இதை அவையில் எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கும் தாத்தாக்களும் பாட்டிகளும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டையாவது எழுதிப் போடுங்கள். அடுத்த கோடைக்குள் விதி மாற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.