ஏலமலைச் சரிவும் இரண்டாம் பட்டமும்

விடியுமுன் போடிநாயக்கனூரில் வண்டியேறிப் போடிமெட்டைக் கடந்து, இடுக்கித் தோட்டங்களில் ஏலக்காய் பறித்து, இருட்டியபின் மீளும் தாய்மாரின் கூலியே பல பெண்மக்களுக்குச் செவிலியப் பட்டமாயிற்று. ஏலக்காய் விலையோ போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் ஏறும், இறங்கும். கல்லூரிக் கட்டணம் இறங்கியதாக எவரும் கேட்டதில்லை!

பட்டம் வந்தபின் வேலை வந்ததா? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று, மாதம் 7,700 உரூபா தொகுப்பூதியத்தில் அமர்ந்த செவிலியர், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு காலமுறை ஊதியங் கேட்டுப் போராட நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் உயிரைப் பொருட்படுத்தாது உழைத்த ஒப்பந்தச் செவிலியர் ஈராயிரவர்க்கு மேற்பட்டோர் 2022 இறுதியில் பணியினின்று விடுக்கப்பெற்றனர்.

இவ்வேக்கத்தையே முதலாக்கி, வணிகக் கல்லூரிகள் முதுநிலைப் பட்டத்தை விற்கின்றன. எஞ்சிய காணியையும் அடகு வைக்குமுன், அப்பட்டம் எதற்கு என்று வினவ வேண்டாவோ? செவிலியத்தில் முதுநிலை பெரும்பாலும் ஆசிரியப் பணிக்குரிய தகுதி. படுக்கையருகே நிற்கும் அரசுச் செவிலியர் பணிக்கு அது கட்டாயமன்று. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவரும் அதே தேர்வை எழுதலாம். கற்பிக்க விழைவோர் தாராளமாகக் கற்கட்டும். வேலை கிடையாமையால் மட்டுமே கற்பது கடன்மேற் கடன்.

2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலைக் காட்டுத்தீயிற் சிக்கியோரை ஊர்மக்களும் சேர்ந்து சுமந்திறக்கினர். போடி, தேனி, மதுரை என்று அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். இருபதின்மர்க்கு மேல் மாண்டனர். தீப்புண் ஆற்றப் பயின்ற கைகளின் அருமை அன்று விளங்கிற்று. தீப்புண், உயிர்காப்பு, பச்சிளங்குழவி ஆகிய துறைகளுக்கு ஓராண்டுச் சிறப்புப் பட்டயங்களே உள்ளன. ஏலத்தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்போரின் நோயறிய மக்கள் நலவாழ்வுத் துறை உண்டு. முதலில் ஈராண்டு மருத்துவமனையில் உழைத்து, எத்துறையில் கை படிகிறதென அறிந்து, அதன்பின் தேர்வதே முறை. தேரும்போதும் கட்டடத்தைப் பார்த்து மயங்கலாகாது. அக்கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அங்கே நோயாளிகள் வருகின்றனரா என்பதையே பார்த்தல் வேண்டும்.

வெளிநாடு செல்ல விழைவோர்க்கும் ஒன்று. செருமனி நம் செவிலியரிடம் கேட்பது இரண்டாம் பட்டத்தையன்று. செருமானிய மொழித் தேர்ச்சியை. நோயாளியின் மொழி அறியாதாரைப் படுக்கையருகே விட அந்நாடு ஒப்பாது. இங்கோ, மலைத்தோட்டத்துக் கிழவி ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்று சொல்லும் நோவுக்கு, நம் மாணவியர் ஆங்கில நூலிற் பெயர் தேடுகின்றனர். தமிழில் இது இயலாததன்று. 1860-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான மருத்துவர் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார்.