துருப்பிடித்த குழாய்க்கு மோட்டார் மருந்தாகுமா?

அலசூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பகுதிப் பழைய வீடுகளில் தண்ணீர் விடும் நாளன்று ஒரே காட்சிதான். குழாய் முழுக்கத் திறந்திருக்கும்; தண்ணீர் நூலாக இறங்கும். நாலு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடும். "காவிரி வரவில்லை" என்று குடிநீர் வாரியத்தைத் திட்டிவிட்டு, அடுத்த சம்பளத்தில் ஒரு மோட்டார் வாங்கி நேரே குழாயில் மாட்டிவிடுகிறார்கள்.

காவிரி 1974 முதல் வந்துகொண்டுதான் இருக்கிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மேடேறி வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாவது திட்டமும் தொடங்கியது. ஆனால் அது முக்கியமாக நகரோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்கானது. அதை நம்பி அலசூர்க்காரர்கள் குடத்தோடு காத்திருக்க முடியாது.

வாரியத்தின் மேல் குறையே இல்லை என்பதல்ல. மேட்டுத் தெருக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அதே நேரத்தில் அடுத்த வீட்டில், மோட்டார் இல்லாமலே தண்ணீர் கொட்டுகிறது என்றால் கோளாறு எங்கே?

பழைய வீடுகளில் பதித்தது பெரும்பாலும் ஜி.ஐ. குழாய். மேலே பூசிய துத்தநாகம் கரைந்ததும் உள்ளே துரு மொட்டு மொட்டாக வளரும். அரை அங்குலத் துவாரம் கால் அங்குலமானால் தண்ணீர் வரும் வழி பாதியாகாது. நாலில் ஒரு பங்காகிவிடும். பிளம்பர் அறுத்துப் போட்ட பழைய குழாய்த் துண்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சிலவற்றில் பென்சில்கூட நுழையாது.

இதற்கு மோட்டார் என்ன செய்யும்? அடைப்பு அப்படியே இருக்கும். அண்டை வீட்டுத் தண்ணீர்தான் குறையும். மோட்டார் உறிஞ்சும்போது, விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் குடிநீரில் கலக்கலாம். குழந்தைகளுக்கு வாந்திபேதி வந்தபின் யாரை நோவது? இப்படி மாட்டிய மோட்டாரைப் பறிமுதல் செய்து 5,000 ரூபாய் அபராதம் விதிப்பதாக 2025 ஏப்ரலில் வாரியம் அறிவித்தது.

குழாயை மாற்றுவது யார் என்பதில்தான் சிக்கல். போக்கியத்துக்கு இருப்பவர், "காலி செய்யப் போகிறவனுக்கு எதற்குச் செலவு?" என்கிறார். வீட்டுக்காரரோ வாடகையை ஏற்றினால் பார்க்கலாம் என்கிறார். மாதக்கணக்கில் அட்வான்ஸ் வாங்கி வைத்திருப்பவர் வீட்டுக் குழாயை மாற்றித் தருவதே நியாயம். வாரியமும் தெருவில் புதுக் குழாய் பதிக்கும்போதே வீட்டு இணைப்புகளையும் மாற்றிவிடலாம். தார் போட்ட பின் மறுபடி தோண்ட, அனுமதிக்காக அலைவதாவது மிச்சமாகும்.