குழி விழுந்த தகடு

துப்பாக்கி சுடுவதை விளையாட்டாகப் பயில்வோர் மிகுந்த அமெரிக்க நாட்டில், குண்டு பட்ட கணமே கணீரென்று ஒலித்து, நடந்து சென்று துளைகளை எண்ணும் சிரமத்தை இல்லாமற் செய்கின்ற எஃகு இலக்குகளின்மீது பலருக்குத் தனிப் பிரியம் உண்டு. 1981-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றிய 'ஸ்டீல் சேலஞ்ச்' என்னும் வேகப் போட்டி முழுவதும் இத்தகைய தகடுகளை வைத்தே நடைபெறுவது. அந்த உற்சாகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், சுடுபவர் நிற்கும் தூரத்தை அளப்பதில் காட்டும் சிரத்தையைத் தகட்டின் முகத்தைப் பரிசோதிப்பதிலும் காட்டியாக வேண்டும் என்பது நம் திடமான அபிப்பிராயம்.

ஈயக் குண்டு வழுவழுப்பான கடின எஃகின்மேல் மோதினால் நொறுங்கி, அதன் துணுக்குகளிற் பெரும்பாலானவை தகட்டின் முகத்தையொட்டிப் பக்கவாட்டில் நாற்புறமும் சிதறுமேயன்றி, வந்த வழியே திரும்புவது சொற்பமே. சுட்ட இடத்தில் ஈயம் அப்பிய சாம்பல் நிறக் கறை மட்டும் இருந்து, விரலால் தடவினால் நகம் எங்கும் சிக்காமல் வழுக்கிச் செல்லுமாயின், அந்தத் தகடு இன்னும் நம்பத்தக்கதே. பணியாரச் சட்டிபோலக் குழி விழுந்துவிட்டாலோ, உள்ளே பாய்ந்த துணுக்கு அக்குழியின் வளைவைப் பற்றிக்கொண்டு திரும்பி, சுட்டவர் முகத்தை நோக்கியே வரக்கூடும்.

இதனாலேதான், சுரங்கங்களில் தேய்மானத்தைத் தாங்குவதற்கென்று உண்டான, பிரினெல் அளவில் ஏறத்தாழ 500 கடினமுள்ள 'ஏஆர் 500' எஃகை இலக்குக்குக் கையாளுகிறார்கள். சாதாரண இரும்பு ரைபிள் குண்டுக்குத் தாங்காது. நல்ல எஃகாயினும், அதைச் சுடரால் அறுத்தாலும் பற்றவைத்தாலும் சூடுபட்ட இடத்தில் உரம் இறங்கிவிடும். எஃகு உள்ளீடுள்ள குண்டை அதன்மேல் பிரயோகித்தாலோ குழி விழக்கூடும். கைத்துப்பாக்கிக்குப் 10 கெஜம், ரைபிளுக்கு 100 கெஜம் என்று தகடு செய்வோர் பொதுவாக விதிக்கும் குறைந்தபட்ச தூரமும், துணுக்குகள் தரையில் விழும்படி தகட்டின் மேல்விளிம்பைச் சற்று முன்சாய்த்து மாட்டும் முறையும் குழியற்ற தகட்டை உத்தேசித்து ஏற்பட்டவை என்பதை மறக்கலாகாது.

சிதறல் பக்கவாட்டில் ஓடுவதால், சுடாமல் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அபாயம் உண்டு. தண்ணீர்ப் புட்டியோடு பின்னால் நிற்கும் சிறுவன் உட்பட, திடலில் இருக்கும் ஒவ்வொருவரும் பக்கக் காப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவரை ஒரு குண்டும் வெடிக்கலாகாது. படிப்பதற்கான மூக்குக் கண்ணாடி இதற்கு ஈடாகாது.

விலை கொடுத்து வாங்கிய தகட்டைத் தள்ளிவிட மனம் வருவதில்லை என்பது உண்மையே. ஆயினும் கண்ணை இழந்தவருக்கு எந்த விலையாலும் அதைத் திருப்பித் தர இயலாது. கழித்த தகட்டைச் சுவரோரம் சாத்தி வைத்தால், விஷயம் அறியாத ஒருவர் மறுவாரமே எடுத்து மாட்டிவிடுவார். ஆகையால் குழி கண்ட அன்றே திடலின் பொறுப்பாளர் அதை இறக்கி, பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.