பழைய நோவும் புதிய காயமும்

வேலையில் அடிபட்ட தொழிலாளி நஷ்டஈடு கேட்டு நிற்கும்போது அவர் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. "இது உனக்குப் பழைய வியாதி" என்பதே அது. இதைக் கேட்டதும் வாயடைத்து லயத்துக்குத் திரும்பிவிடுகிறவர்கள் அநேகர். பழைய வியாதி இருந்தால் நஷ்டஈடு கிடையாது என்று சட்டம் சொல்கிறதா? இல்லவே இல்லை. ரப்பர்த் தோட்டமானாலும் தேயிலைத் தோட்டமானாலும் ஒவ்வொரு தொழிலாளியும் இதை அறிந்திருக்க வேண்டும்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1929-ல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு நம்மவர் பல தலைமுறையாக அந்தச் சரிவுகளில் கொழுந்து எடுத்தவர்கள். முதலில் கைவிரல், பிறகு கத்திரி, இப்போது இருவர் சேர்ந்து பிடித்து நடக்கும் இயந்திரம். கருவி மாறியதே தவிர மலையின் சரிவு மாறவில்லை. பனியிலும் மழையிலும் நனைந்த மண்ணில், பாரத்தைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கும் வேலை அது. இருபது வருஷம் இப்படி உழைத்தவருக்கு முதுகு நோவாமல், முழங்கால் தேயாமல் இருக்குமா?

ஒரு தாய் கொழுந்துச் சாக்கோடு சரிவில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டவர் எழுந்து நடக்க முடியவில்லை. தோட்டத்து மருந்தகப் புத்தகத்தைப் புரட்டினால், சென்ற வருஷமே முதுகுவலிக்கு மாத்திரை வாங்கியதாக எழுதியிருக்கிறது. உடனே, "இது விபத்தல்ல, வியாதி" என்று முடிவு கட்டிவிடலாமா? மாத்திரை வாங்கிய மறுநாளும் அவர் பெரட்டுக்கு வந்தார், நிறை எடுத்தார், கூலி வாங்கினார். விழுந்த அன்றுதான் வேலை நின்றது. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது விபத்தே.

இது நமது ஆசையால் பிறந்த வாதமல்ல. நூறு வருஷத்துக்கு மேலாக நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட நியாயம் இது. இயந்திரச் சக்கரத்தைத் திருப்பும்போது தசை கிழிந்து குடல் இறங்கிய ஒரு தொழிலாளியின் வழக்கில், பளுவினால் உடம்புக்கு நேர்ந்த அந்தச் சேதமே விபத்துத்தான் என்று 1903-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1910-ல் அதே சபைக்கு இன்னொரு வழக்கு வந்தது. அந்தத் தொழிலாளியின் பெரிய ரத்தக்குழாய் வீங்கி, உறக்கத்திலேகூட வெடித்துவிடக்கூடிய நிலையில் இருந்தது. அவர் ஒரு மரையைச் சாவியால் இறுக்கும்போது அது வெடித்து மாண்டுபோனார். வழக்கமான வேலைதான், ஆயினும் அந்த வேலையின் பளு மரணத்துக்குத் துணைபோனது என்று மெய்ப்பிக்கப்பட்டதால், பெரும்பான்மை நீதிபதிகள் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்றார்கள்.

1961-ல் வந்த தீர்ப்பும் குறிப்பிடத்தக்கது. உருகிய உலோகத் துளி தெறித்து ஒரு தொழிலாளியின் உதடு வெந்தது. ஏற்கனவே புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும் நிலையில் இருந்த அந்த இடத்தில் நோய் மூண்டு, அவர் மூன்று வருஷத்தில் மாண்டார். அவருடைய விதவைக்கு முதலாளி பொறுப்பாளி என்றது நீதிமன்றம். தீங்கு செய்தவன், அடிபட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். "திடகாத்திரமானவராக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்" என்று சொல்லித் தப்ப முடியாது என்பதே இதன் சாரம்.

ஆனால் எல்லா வியாதிக்கும் நஷ்டஈடு உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. நீண்ட பயணத்தின் நடுவே மாண்ட லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்கு, வேலையின் பளுவே காரணம் என்று கண்டு, இந்திய உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு வழங்கியிருக்கிறது. அதே நீதிமன்றம் 2006-ல், வாகனத்தில் உதவியாளாக இருந்து மாரடைப்பால் மாண்ட ஒருவரின் வழக்கில், வேலைக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று மறுத்துவிட்டது. ஆகவே வேலைக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதே வழக்கின் உயிர்நாடி. பழைய நோவுக்கு விலை கேட்க முடியாது. விபத்து அதை எவ்வளவு மோசமாக்கியதோ, அதற்குக் கேட்கலாம்.

நமது நாட்டில் 1969-ம் வருஷச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ நிறுவனம் இதைக் கவனிக்கிறது. வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து, எதிர்ச் சாட்சியம் இல்லாத வரையில், வேலையினாலேயே நேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று அச்சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. இது தொழிலாளியின் கையில் உள்ள பலமான ஆயுதம். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாள்களுக்குச் சராசரித் தினக்கூலியில் 80 சதவிகிதம் உண்டு. நிரந்தர ஊனத்தை மருத்துவ வாரியம் கணக்கிடும். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால் உழைக்க முடியாமற் போனவருக்கு, தகுதி இருந்தால், இயலாமைத் திட்டம் என்ற வேறு வழி இருக்கிறது. இரண்டையும் குழப்பி, காயத்துக்குரிய மனுவை வியாதி மனுவாக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

சொக்சோவில் சேர்ந்த தொழிலாளி, வேலைக் காயத்துக்காக முதலாளி மீது தனியே வழக்குத் தொடர 31-வது பிரிவு தடை போடுகிறது. அந்தக் கதவு அடைபட்டிருப்பதால், சொக்சோ மனு சரியாக அமைவது இன்னும் முக்கியமாகிறது. தாப்பா சாலையில் வெளியார் லாரி மோதினால் கதை வேறு. அந்த வெளியார் மீது சிவில் வழக்குத் தொடரலாம்.

தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? விழுந்த அன்றே கங்காணியிடமும் அலுவலகத்திலும் சொல்லுங்கள். பக்கத்து நிரையில் நின்றவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் "முதுகு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன சுமந்துகொண்டு விழுந்தீர்கள் என்று சொல்லி, அதை எழுதச் செய்யுங்கள். முந்திய நோயை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் உண்மையான காயமும் சந்தேகத்துக்கு ஆளாகும். விபத்துக்கு முன் எவ்வளவு வேலை செய்தீர்கள் என்பதைக் கூலிச்சீட்டே பேசும், அதைப் பத்திரப்படுத்துங்கள். மனு மறுக்கப்பட்டால் கடிதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள்; மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, ஆனால் கெடுவும் இருக்கிறது.

நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது உங்கள் கடமை. அது வியாதியா, விபத்தா என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலையல்ல.

இன்று அதே மலைச்சரிவில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் உழைக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் அவர்களும் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மொழி தெரியாத அந்தத் தோழர் அடிபட்டால், அவருக்காகப் பேசுவதும் நமது பொறுப்பே.

உழைத்துத் தேய்ந்த உடம்பு குற்றவாளியல்ல. அந்தத் தேய்மானத்தில் லாபம் கண்டவர்கள், அதையே காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுக்க நாம் ஒருபோதும் சம்மதிக்க முடியாது.