'பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?'

என் தோழி பொதுத்துறை வங்கி ஒன்றில் கேஷியர். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்து மூன்று வருடமாகிறது. உடலின் எதிர்ப்புசக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கிற நோய். காலையில் நன்றாக நடப்பாள். மதிய வெயிலில் பஸ் ஏறி இறங்கினால் போச்சு... பார்வை மங்கும், கால் பின்னும். 'பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?' என்பார்கள் சக ஊழியர்கள். காய்ச்சல் என்றாலாவது தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும்!

போன மாதம் ராஜினாமா கடிதத்தோடு வந்தாள். கிழித்துப் போடச் சொன்னேன். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரை நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது பிரிவு 20. தனியார் ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் வருத்தம்.

முதலில் சான்றிதழ் வாங்க வேண்டும். வேலை இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவிகிதக் குறைபாடாவது வேண்டும். பரிசோதிக்கும் டாக்டரிடம், பழக்கதோஷத்தில் 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லிவிடாதீர்கள். மோசமான நாள் எப்படியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

கவுன்ட்டரிலிருந்து மாற்றக் கேட்டு நேற்று மனு கொடுத்திருக்கிறாள் தோழி. கூடவே, ஒரு டேபிள் ஃபேனும்.