ஞாயிற்றுக்கிழமையின் இரு பந்திகள்

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்பது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உணவு விடுதிக்குச் செல்வதை ஆடம்பரமென்றும், இல்லத்தரசியின் அக்கறைக் குறைவென்றும் கருதும் பெரியவர்கள் நம் பங்குகளில் இன்றும் உளர். அன்னார் ஹாங்காங் நகரத்து ஞாயிற்றுக்கிழமையைக் காண்பாராயின் வியப்படைவர். அங்கே குடும்பம் கூடுமிடம் வீடன்று, தேநீர் மாளிகை.

முற்பகலில் பாட்டன், பாட்டி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினரும் ஒரு வட்ட மேசையைச் சூழ்ந்து அமர்கின்றனர். 'யம் சா' என்று இதற்குப் பெயர். 'தேநீர் அருந்துதல்' என்பதே சொல்லின் பொருள். ஆயினும் தேநீரோடு அது முடிவதில்லை. மூங்கில் தட்டுகளில் ஆவியில் வெந்த இறால் கொழுக்கட்டை, பன்றியிறைச்சி பொதிந்த வெண்ணிற உருண்டை, அரிசிமாவுச் சுருள், நம்மவர் முகஞ்சுளிக்கக்கூடிய கோழிக்கால் எனச் சிறு சிறு தட்டுகள் வந்துகொண்டேயிருக்கும். இளையவர் மூத்தோர்க்கு முதலில் தேநீர் வார்த்தல் முறை. பெற்றுக்கொண்டவர் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டி நன்றி தெரிவிப்பார். கியென்லுங் பேரரசர் மாறுவேடத்தில் சென்றபோது தம் ஊழியனுக்குத் தாமே தேநீர் வார்த்தாராம். மண்டியிட்டு வணங்கினால் அரசர் என்பது வெளிப்பட்டுவிடுமே என்று அவன் தன் விரல்களை மட்டும் மண்டியிடச் செய்தானாம். கதை எவ்வாறாயினும், பேரன் வார்க்கப் பாட்டன் விரல் தட்டும் அக்காட்சி அழகானது.

வீட்டில் ஏன் கூடுவதில்லை? இடமில்லை என்பதே விடை. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரத்தில் நடுத்தரமான ஒருவருக்கு வாய்த்த வீட்டுப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். பன்னிரண்டு பேர் அமரும் மேசையை அத்தகைய வீட்டில் எங்கே போடுவது? ஆகவே உணவு விடுதியே பலருக்குக் கூடமாகவும் முற்றமாகவும் அமைந்துவிட்டது.

ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமையில், அதே நகரத்தில், மற்றொரு பந்தியும் நடைபெறுகின்றது. 'சென்ட்ரல்' எனப்படும் வணிகப் பகுதியில் சேட்டர் சாலை அன்று வாகனங்களுக்கு மூடப்படும். வங்கிகளும் நகைக்கடைகளும் சூழ்ந்த அவ்விடத்தில், நடைபாதைகளிலும், மேம்பாலங்களிலும், ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் தலைமையகத்தினடியே திறந்து கிடக்கும் தரைத்தளத்திலும், அட்டைப்பெட்டிகளை விரித்துப் பல்லாயிரம் பெண்கள் அமர்ந்திருப்பர். இவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள். ஏறத்தாழ 75 இலட்சம் மக்கள் வாழும் அந்நகரத்தில், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிலிப்பைன்ஸ் நாட்டினர். பிறருள் பெரும்பாலோர் இந்தோனேசியர். ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு என்பது சட்டம் வழங்கும் உரிமை.

அவர்களுள் பலர் நம்மைப்போலக் கத்தோலிக்கர். கார்டன் சாலையிலுள்ள புனித சூசையப்பர் ஆலயத்தில் ஞாயிறுதோறும் திருப்பலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும், இடம் போதாது. திருப்பலி முடிந்ததும் அட்டை விரிப்பில் பொதிகள் அவிழும். புளிக்காடியிலும் பூண்டிலும் வெந்த 'அடோபோ' இறைச்சியை அவர்கள் விரும்பிக் கொண்டுவரக் காரணம் உண்டு: காடி சேர்ந்தமையால் அது எளிதில் கெடாது. யாருக்கேனும் பிறந்தநாள் என்றால் 'பான்சித்' என்னும் நீண்ட இழைகளுடைய உணவு கட்டாயம் இருக்கும். இழை நீண்டால் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை. இவ்வுணவும் இப்பெயரும் முற்காலத்தில் சீனரிடமிருந்து மணிலாவுக்குச் சென்றவையே. எனவே எதிர்த் தெருத் தேநீர் மாளிகையில் சீனப் பாட்டியின் பிறந்தநாளுக்கும், இந்த நடைபாதையில் பணிப்பெண்ணின் பிறந்தநாளுக்கும் பரிமாறப்படுவது ஒன்றே. இதை இரு பந்தியினரும் எண்ணிப் பார்ப்பார்களோ என்னவோ!

நடைபாதையில் அமர்ந்து உண்பதை அருவருப்பாகப் பேசுவோர் அங்கும் உளர். கொள்ளைநோய்க் காலமாகிய 2022 பிப்ரவரியில், இருவருக்கு மேல் பொதுவிடத்தில் கூடலாகாது என்ற ஆணையின்படி, ஓய்வு நாளில் ஒன்றாக அமர்ந்திருந்த பணிப்பெண்கள் சிலருக்கு ஆளுக்கு 5,000 ஹாங்காங் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அது ஒரு மாதச் சம்பளத்தைவிட மிகுதி. ஆணை எல்லார்க்கும் பொதுவானதே. ஆனால் உள்ளே அமர ஓர் அறை உடையவனுக்கும், தெருவைத் தவிர வேறு கூடமற்றவளுக்கும் ஒரே ஆணை ஒரே சுமையாகுமா? அவர்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது 2003 முதல் கண்டிப்பான விதி. சதுர மீட்டர்களை எண்ணி வாழும் அவ்வீட்டில், ஓய்வு நாளில் ஓய்வு கிட்டுவதெங்ஙனம்? சிறிய வீடு முதலாளியைத் தேநீர் மாளிகைக்கு அனுப்புகின்றது. பணிப்பெண்ணைத் தெருவுக்கு அனுப்புகின்றது.

உணவைப் பற்றியும் ஒப்பந்தம் பேசுகின்றது. முதலாளி உணவளிக்கவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் தரவேண்டும். 2023-இல் அத்தொகை மாதம் 1,236 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 41 டாலர். தேநீர் மாளிகையில் ஓரிரு தட்டுகளுக்கு மேல் வாராது. வார நாளில் குடும்பம் வெளியில் உண்ணச் செல்லும்போது குழந்தைக்கு ஊட்டுவதற்காக அவளும் உடன் செல்வாள். அவளுக்கும் ஒரு கிண்ணமும் குச்சிகளும் வைத்து, 'நீயும் உண்' என்று தட்டை அவள் பக்கம் திருப்பும் வீடுகள் உண்டு. குழந்தை உண்டு முடிக்கும் வரை அவளை வெறுமனே அமரவைக்கும் வீடுகளும் உண்டு. பந்தி வஞ்சனை என்று நம் முன்னோர் எதனைக் குறித்தார்களோ, அதற்கு நாடும் மொழியும் இல்லைபோலும்.

இனி, அவளுடைய சொந்தப் பந்தி. பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சியில் 1974-இல் வந்த தொழிற்சட்டம் வெளிநாட்டு வேலையை அரசின் கொள்கையாக்கிற்று. அன்றிலிருந்து தாய்மார் கடல்கடந்த வண்ணம் உள்ளனர். பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கின்றனர். இத்தகைய இல்லங்கள் நம் பங்குகளில் இல்லாமலில்லை. குவைத்திலிருந்து வரும் தாயின் குரலைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டே சோறுண்ணும் பிள்ளைகளை நம் பங்குத்தந்தையர் அறிவர். ஹாங்காங்குக்கும் மணிலாவுக்கும் கடிகாரம் ஒன்றே. ஆகையால் டிசம்பர் 24 நள்ளிரவில், திருப்பலிக்குப்பின் அங்கே 'நோச்சே புவேனா' விருந்துக்குக் குடும்பம் அமரும்போது, மேசைமேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் தாயின் முகம் தெரியும். மாதங்களுக்கு முன் அவள் கப்பலில் அனுப்பிய பெரிய பெட்டியிலிருந்த இறைச்சி டப்பாக்களும் இனிப்புகளும் அம்மேசையில் இருக்கும். அவற்றைப் பங்கிடுபவர் பாட்டி.

இத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்நகரம் அவளுக்குச் சொந்தமாவதில்லை. 1986 முதல் அங்கே பணிபுரிந்த ஒரு பெண் நிரந்தரக் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கில், பணிப்பெண்கள் 'வழக்கமான வாசிகள்' ஆகார் என்று 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் இரு வாரத்தில் வெளியேற வேண்டும்.

விடுமுறைச் சட்டத்திலும் ஒரு விந்தை உண்டு. ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் டிசம்பர் 21 அல்லது 22-இல் சீனர் 'துங் சி' விழா கொண்டாடுவர். புத்தாண்டைவிடப் பெரிது என்று சொல்லி அன்று மாலை குடும்பமாக விருந்துண்பர். சட்டத்தின்படி இந்நாள், அல்லது கிறிஸ்து பிறப்பு விழா, இரண்டில் ஒன்று ஊழியருக்கு விடுமுறை. எது என்று தீர்மானிப்பவர் முதலாளி. துங் சியைத் தெரிந்துகொள்ளும் வீட்டில், டிசம்பர் 25 அவளுக்கு வேலைநாளாகலாம். 2024 முதல், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடுத்த வேலைநாளும் சட்டபூர்வ விடுமுறையாயிற்று. ஆகவே அத்தகைய வீட்டிலும் 26-ஆம் நாள் அவள் அட்டை விரித்து அமரலாம். மணிலாவில் நள்ளிரவு விருந்தின் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து ஒரு நாள் கழிந்திருக்கும்.